சிலம்பைக் குலுக்கிப் பார்த்திருந்தால் போதாதா?

கேள்வி இதுதான்: “பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல் (உள்ளே கிடந்து ஒலிக்கும் மணி), கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். தன் வீட்டுச் சிலம்பில் என்ன இருந்தது என்று பாண்டியனுக்கே தெரியும். கோவலனை வெட்டுமுன் அதை ஒரு தடவை குலுக்கியோ உடைத்தோ பார்த்திருந்தால் சிலப்பதிகாரம் பதினாறாம் காதையோடு முடிந்திருக்கும். இளங்கோவடிகள் கவனிக்காமல் விட்ட ஓட்டைதானே? தீ ஏவினால் எரியும், தெய்வம் எதிரில் வந்து பேசும் கதைதான். இருந்தாலும் லாஜிக் வேண்டாமா?”

பூம்புகாரில் 1973-இல் கட்டிய கலைக்கூடத்தில் இந்தக் கதையைச் சுவர் நெடுகக் கல்லில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது யாருக்கும் எழக்கூடிய சந்தேகம் இது. என் பதில்: நீங்கள் காட்டும் இடத்தில் ஓட்டை இல்லை. வேறோர் இடத்தில் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நூலில் உள்ள வரியைப் பார்ப்போம். நாடகமும் சினிமாவும் பார்த்துப் பழகிய நமக்கு, பாண்டியன் ‘கொல்’ என்று சொன்னதுதான் நினைவில் நிற்கிறது. கொலைக்களக் காதையில் அவன் சொல்வது: ‘தாழ்பூங் கோதை தன்கால் சிலம்பு கன்றிய கள்வன் கையது ஆகின், கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’. இதில் ‘ஆகின்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் மட்டும் என்பதுதான் ஆணை. சோதித்துப் பார்க்கச் சொல்லாமல் அரசன் கொல்லச் சொல்லவில்லை. சோதனை அந்த ஆணைக்குள்ளேயே இருக்கிறது. யார் சோதிப்பது, எதை வைத்துச் சோதிப்பது என்பதைத்தான் அவன் சொல்லவில்லை.

‘கொல்ல’ என்று சொல்ல வந்தவன் வாய் தவறி ‘கொன்று’ என்றுவிட்டான், ஊழ் செய்த வேலை என்று உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. அது இல்லாமலும் வரி நன்றாகவே நிற்கிறது. அவன் எந்த நேரத்தில் பேசுகிறான் என்று பாருங்கள். ஆடல் மகளிரின் கூத்தை அரசன் ரசித்ததில் தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் பொற்கொல்லன் காலில் விழுந்து, தேவியின் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அந்த வாக்கியத்தில் அரசன் கேட்பது கள்வனை அல்ல, சிலம்பை. ‘கொணர்க ஈங்கு’ என்பது சிலம்புக்குத்தான். கோபித்துக்கொண்ட மனைவியிடம் வெறுங்கையோடு போகாமல், காணாமற்போன சிலம்போடு போகலாம் என்ற அவசரம் அதில் தெரிகிறது. இது என் வாசிப்பு. ஆனால் ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாதவனாகி, என்று அந்த இடத்தில் இளங்கோவே எழுதிவிட்டார். கண்ணகி பின்னால் ‘தேரா மன்னா’ என்று தொடங்குவது இதே சொல்லை எடுத்துத்தான். ஆராயாததை ஆசிரியர் மறக்கவில்லை. அதைத்தான் குற்றமாக வைத்து மூன்று காண்டம் எழுதியிருக்கிறார்.

சரி, அந்த ‘ஆகின்’ எப்படி நிறைவேறியது? ஊர்காவலர் பொற்கொல்லனோடு அவன் குடிலுக்கு வருகிறார்கள். ‘அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் இவர்கள்’ என்று கோவலனிடம் சொல்கிறான் கொல்லன். அதனால் கோவலன் எதையும் மறுக்கவோ சாட்சி கூப்பிடவோ வழியே இல்லை. விலை பேச ஆள் வந்திருக்கிறது என்றுதான் அவன் இருக்கிறான். சிலம்பின் வேலைப்பாட்டைக் காவலருக்குக் காட்டி விளக்குகிறவன் யார்? அதே கொல்லன். சோதனை நடந்தது. சோதித்தவனே திருடன். நகையைப் பற்றி நகை தெரிந்தவனிடம்தானே கேட்பார்கள்.

அதிலும் காவலர் உடனே வெட்டிவிடவில்லை. இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். கொல்லன் அங்கேயே ஒரு பாடம் எடுக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணை எட்டு. முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று பழைய திருட்டுக் கதை ஒன்றையும் எடுத்துவிடுகிறான். காவலரில் ஒரு இளைஞன், தன் வாளையே ஒருவன் பறித்துப்போன இரவைச் சொல்லிப் பயத்தைக் கூட்டுகிறான். கடைசியில் வாளை வீசுவது ‘கல்லாக் களிமகன்’, குடிபோதையில் இருந்த ஒருவன். விவாதம் முடியவே இல்லை. அதற்குள் வெட்டு விழுந்துவிட்டது.

இப்போது குலுக்கிப் பார்க்கும் விஷயம். கோவலன் கொண்டுபோனதை ‘மத்தக மணியொடு வயிரம் கட்டிய பத்திக் கேவணப் பசும்பொற் குடைச்சூல் சித்திரச் சிலம்பு’ என்கிறது நூல். கேவணம் என்றால் கல் உட்காரும் குழி. பத்தி, வரிசை. குடைச்சூல், உள்ளே குடைவான வயிறு. ஆக, வெளியே வரிசையாகக் கல் பதித்த ஒரு பொன் கூடு, அதற்குள் பரல். இப்படிப்பட்ட நகைக்கு விலை சொல்கிறவர் என்ன செய்வார் என்பதைக் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ ஒரு அடகுக் கடையில் நின்றால் பார்க்கலாம். உரைகல்லில் ஓரத்தை இழைத்து மாற்றுப் பார்ப்பார். தராசில் வைப்பார். கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார். உள்ளே மூடிக் கிடப்பதை உத்தேசமாகத்தான் கழிக்க முடியும். வெட்டித் திறந்தால் வேலைப்பாடு போச்சு. அப்புறம் உருக்குகிற பொன்னின் விலைதான் கிடைக்கும். அரசியின் சிலம்பு என்று நம்பி மீட்க வந்தவர்கள் அதை உடைத்துப் பார்ப்பார்களா?

குலுக்கினால்? முத்தின் ஒப்படர்த்தி சுமார் 2.7, மாணிக்கத்தினுடையது சுமார் 4. ஒரே பருமனில் இருந்தால் மாணிக்கப் பரல் ஒன்றரை மடங்கு எடை. மோஸ் கடின அளவுகோலில் மாணிக்கம் 9, முத்து 3-ஐ ஒட்டி. பொன் தகட்டில் மாணிக்கம் மோதினால் ஓசை கூர்மையாக வரும், முத்து மோதினால் மழுங்கலாக. நகைவேலை பழகிய பத்தர் காதுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அங்கே அந்தக் காது யாருக்கு இருந்தது? கொல்லனுக்கு மட்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒப்பிட இன்னொரு சிலம்பு பக்கத்தில் வேண்டும். அரண்மனைச் சிலம்பில் முத்து என்கிற விவரமும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் காவலரிடம் இல்லை. மாரியம்மன் கோயிலில் பூசாரி உடுக்கையோடு சேர்த்துக் குலுக்கும் கைச்சிலம்புக்குள் கிடப்பது கூழாங்கல்லா உலோக மணியா என்று நாலடி தள்ளி நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். காவலரின் நிலை அதுதான்.

அடுத்து எல்லோரும் சொல்வது தற்செயல். இவ்வளவு பெரிய மதுரையில் சிலம்பைத் திருடியவனிடமேவா போய் மாட்ட வேண்டும்? இதுவும் பார்க்கப் பார்க்கச் சுருங்கிவிடுகிறது. நூறு பொற்கொல்லர் பின்னே வர, சட்டை போட்டுக் கையில் கோலோடு ஒருவன் வருகிறான். பாண்டியனிடம் பெயரும் சிறப்பும் பெற்றவன் இவன் என்று கோவலன் தேர்ந்தேதான் அவனிடம் போகிறான். கேட்பது என்ன? ‘காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கணி, நீ விலையிடுதற்கு ஆதியோ?’ அரசிக்குத் தகுந்த நகை என்று அவன் வாயே சொல்கிறது. அவ்வளவு விலை பெறும் நகைக்கு மதிப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் அரண்மனைக் கொல்லன். அரசியின் சிலம்பில் கை வைக்க வாய்ப்புள்ளவனும் அரண்மனைக் கொல்லன். இரண்டு கோடுகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதில் என்ன அதிசயம்? தற்செயல் என்று மிஞ்சுவது, திருட்டு வெளிப்படுமோ என்று அவன் பயந்துகொண்டிருந்த நேரமும் கோவலன் வந்த நேரமும் ஒன்றானது மட்டும்தான்.

புகாரிலேயே விற்றிருக்கலாமே என்பதற்கு நூல் நேராகப் பதில் சொல்லிவிடுகிறது. முன்னோர் சேர்த்த குன்றுபோன்ற பொருளைத் தொலைத்த வறுமை ‘நாணுத் தரும்’ என்கிறான் கோவலன். மாதவியின் மாலை ஒன்றுக்கே அவன் வீட்டுப் பொன் 1008 கழஞ்சு போயிற்று. கழஞ்சை 5 கிராம் என்று குறைவாக வைத்தாலும் 5 கிலோ. மாசாத்துவான் மகனான கோவலன், மனைவியின் சிலம்பை அதே ஊர்க் கடைத்தெருவில் நீட்ட முடியாது. காவிரிக் கரை ஊர்களில் இன்றைக்கும் நகையைச் சொந்த ஊர்க் கடையில் வைக்காமல் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே கூச்சம்தான்.

இனி, மந்திரமும் தெய்வமும் வருகிற கதை என்றீர்களே, அந்தப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மாயம் வரும் கதையில் ஓட்டை தேடுகிறவர் கேட்க வேண்டியது ஒன்று: அந்த உலகத்தின் மாயத்துக்கு எல்லை வகுத்திருக்கிறதா, அந்த எல்லையைக் கதை மீறுகிறதா?

இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் ஐந்து மன்றங்கள் வருகின்றன. அவற்றில் மூன்று நம் கேள்விக்கு நேரே வந்து நிற்கின்றன. வெள்ளிடை மன்றத்தில், பண்டசாலைப் பொதியைத் திருட வந்தவன் தலையில் அந்தச் சுமையையே ஏற்றிச் சுற்றவிடுவார்கள், உயிரை எடுப்பதில்லை. பாவை மன்றத்தில், அரசன் கோல் கோணினால், அறங்கூறும் அவை ஒரு பக்கம் சாய்ந்தால், ஒரு பதுமை வாய் பேசாமல் கண்ணீர் விடும். பூத சதுக்கத்தில் ஒரு பூதம் நிற்கிறது. பொய்ச்சாட்சி சொல்கிறவர்களும் புறங்கூறுகிறவர்களும் என் கயிற்றில் மாட்டுவார்கள் என்று ‘காதம் நான்கும்’ கேட்கக் குரல் கொடுத்து, மாட்டியவர்களை அடித்துத் தின்னும்.

நான்கு காதம். இந்த அளவை மனத்தில் வையுங்கள். நாடுகாண் காதையில், புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததுமே மதுரை எங்கே என்று கண்ணகி மூச்சு வாங்கக் கேட்கிறாள். ‘ஆறைங் காதம்’ என்று சிரித்துச் சொல்கிறான் கோவலன். முப்பது காதம். பொய்ச்சாட்சியைப் பிடிக்கும் பூதமும் கோணிய கோலுக்கு அழும் பாவையும் இருந்த ஊரை விட்டு, அவை எதுவும் இல்லாத ஊருக்கு அவர்கள் நடக்கிறார்கள். மதுரையில் ஒரு பொய்ச்சாட்சிதான் கோவலனைக் கொல்கிறது. புகாராயிருந்தால் அந்தக் கொல்லன் தன் குடில் வாசலைத் தாண்டியிருக்க மாட்டான்.

இதை நான் வலிந்து பொருத்துவதாகத் தோன்றினால் அடைக்கலக் காதையைப் படியுங்கள். கொலைக்கு முந்தைய காதை. தலைச்செங்கானத்து மாடலன் கோவலனின் பழைய நற்செயல்களை எடுத்துச் சொல்கிறான். அந்தத் தலைச்செங்கானம்தான் பூம்புகாருக்குப் பக்கத்தில் இன்றைக்குத் தலைச்சங்காடு. அவன் சொல்வதில் ஒன்று: ஒரு பத்தினியின் மேல் பொய்க்கரி, அதாவது பொய்ச்சாட்சி, சொன்னவனைப் பூதம் கயிற்றில் பிடித்துவிட்டது. அவன் தாயின் கதறலைக் கேட்ட கோவலன், அவனை விட்டுவிட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். தீயவன் உயிருக்குப் பதில் நல்லுயிர் கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. அடுத்த காதையில், அந்த வழக்கம் செல்லாத ஊரில், பொய் சொன்னவன் பிழைத்துக்கொள்ள நல்லுயிர் போகிறது. கணக்குப் போடாமல் இப்படி எழுத முடியாது.

கண்ணகியின் ஆற்றலுக்கும் இதே போல வரம்பு உண்டு. சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது, ‘பீடன்று’ (அது பெருமை அல்ல) என்று ஒரே சொல்லில் மறுத்தவள் அவள். தனக்காகத் தெய்வத்திடம் கேட்கிற பழக்கமே இல்லை. நெருப்பை ஏவியதும் வழக்கில் வென்ற பிறகுதான், முதலில் அல்ல.

பாண்டிய நாட்டில் விசாரணை என்ற வழக்கமே இல்லையோ என்றும் நினைக்க வேண்டாம். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வார்த்திகன் என்ற அந்தணனின் கதையைச் சொல்கிறது. அவன் மகன் தக்கிணனுக்குப் பிறர் பரிசாகத் தந்த அணிகலன்களைப் பார்த்துவிட்டு, புதையலைக் கவர்ந்தான் என்று தகப்பனைச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். ஐயை (கொற்றவை) கோயில் கதவு அடைத்துக்கொள்ள, அரசன் கலங்கி விசாரித்து, தவறு என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்து அனுப்புகிறான். தகுதிக்கு மீறிய நகை ஒருவர் கையில் இருந்தால் திருட்டு என்றே முடிவு கட்டும் புத்தி அந்த அலுவலர்களுக்கு முன்பே இருந்தது. அந்த முறை சிறைவைத்ததால் திருத்திக்கொள்ள நேரம் கிடைத்தது. இந்த முறை ‘கொன்று’ என்ற சொல் அந்த நேரத்தைத் தின்றுவிட்டது.

வழக்குரை காதையில் சாட்சியம் வரும் வரிசையையும் பாருங்கள். நம்மில் பலர் கண்ணகி தன் கையில் ஏந்தி வந்த சிலம்பை உடைத்தாள் என்று நினைக்கிறோம். இல்லை. அதை உடைத்து எதை நிரூபிப்பது? முதலில் அவள் சொல்கிறாள்: என் காற்சிலம்பு ‘மணியுடை அரியே’. அரி என்றால் பரல், மணி இங்கே மாணிக்கம். பிறகு அரசன்: ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’. இரண்டு பேரும் வாக்குமூலம் கொடுத்த பின்புதான், கோவலனிடம் பறித்த சிலம்பு கொண்டுவரப்பட்டு அவள் முன் வைக்கப்படுகிறது. அதைத்தான் உடைக்கிறாள். மணி தெறிக்கிறது. உடைத்த பிறகு கதையை மாற்றிச் சொல்ல யாருக்கும் இடமில்லை. இன்றைய குறுக்கு விசாரணையிலும் இதைவிடக் கச்சிதமான வரிசை கிடைக்காது. மறைக்க வழியிருந்தும் முத்து என்று உண்மையைச் சொன்ன பாண்டியனுக்கு அந்த ஒரு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.

முத்து, மாணிக்கம் என்ற வேறுபாடும் கதைக்காக இட்டுக் கட்டியதுபோல் இல்லை. கொற்கையில் முத்துக் குளித்த நாட்டின் அரசிக்கு முத்துப் பரல் இயல்பு. புகார்த் துறையில் வந்து குவிந்த சரக்குகளைப் பட்டினப்பாலை வரிசையாகச் சொல்லும்போது ‘வடமலைப் பிறந்த மணியும் பொன்னும்’ என்கிறது. கடல் வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு மணிப் பரல் போட அந்தத் துறைமுகமே போதும். சிலம்பை உடைத்தபோது தெறித்தது, அவையில் அவள் சொன்ன புகார் என்ற ஊர்ப்பெயரும்தான்.

இனி அந்தச் சின்ன ஓட்டை. கொல்லனிடம் தேவியின் சிலம்பு இருந்தது. கோவலனைக் குடிலில் உட்காரவைத்துவிட்டுத்தான் அரண்மனைக்குப் போனான். திரும்பி வந்து, தேவியின் சிலம்பைக் காவலர் கையில் கொடுத்து, கோவலனுடையதைத் தான் வைத்துக்கொண்டிருந்தால்? அரசிக்குச் சிலம்பு கிடைத்துவிடும், தனக்கும் அதே தரத்தில் ஒன்று மிஞ்சும். கண்ணகி உடைத்தால் முத்துதான் கொட்டும், வழக்குத் தோற்றுவிடும். இத்தனை சூதுள்ளவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நூல் சொல்லவில்லை. திருடியதை அழித்து உருக்கிவிட்டான் என்று சொல்வது நாம் ஒட்டும் ஒட்டு. நூலுக்குள்ளிருந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கோவலன் கொண்டுவந்தது ஒரு சிலம்பு, இன்னொன்று கண்ணகியிடம். இணை ஒன்று இருக்கிறது, அதோடு ஒருத்தி வருவாள் என்று கொல்லனுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குக் கோவலன் ‘புலம்பெயர் புதுவன்’, கேட்க நாதியில்லாத வெளியூர்க்காரன். செத்தவன் பேசமாட்டான் என்ற துணிச்சல் இருக்கும்போது மாற்றி வைக்கும் சிரமம் எதற்கு? இந்தப் பதில் எனக்கு முக்கால்வாசிதான் திருப்தி தருகிறது.

அந்தக் கொல்லன் பிடிபட்டானா என்பதையும் நூல் காட்டவில்லை. நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையில், அடுத்துப் பட்டத்துக்கு வந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று வருகிறது. ஒருவன் செய்ததற்கு ஆயிரம் பேர், அதுவும் விசாரணை இல்லாமல். ‘தேரா மன்னா’ என்ற சொல் அந்த அரியணையை விட்டு இன்னும் இறங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரிபார்க்க நினைத்தால் முப்பது காதையையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. உரையோடு கூடிய பதிப்பு ஒன்றை எடுத்து 5, 10, 15, 16, 20, 23 என்ற வரிசையில் படியுங்கள். 16-இல் ‘ஆகின்’ வரும் இடத்திலும், 20-இல் ‘தருகெனத் தந்து’ வரும் இடத்திலும் நிதானியுங்கள். 5-ஆம் காதையைப் பூம்புகார் கடற்கரையில் வைத்துப் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கீழையூரில் தொல்லியல் துறை தோண்டிய செங்கல் படகுத்துறை அங்கிருந்து பக்கம்தான்.